முகவரியில் பிரின்ஸ்டன், பள்ளி எங்கே?

நியூ ஜெர்சியின் எடிசனில் ஆறு வருடமாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு ஹெச்-1பி விசா. மன்ஹாட்டனில் வேலை, வாரம் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். மகளுக்கு ஐந்து வயது, வரும் செப்டம்பரில் கிண்டர்கார்டன். மகனுக்கு இரண்டரை வயது. பேச்சு தாமதம் என்பதால் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் திட்டத்தில் ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து போகிறார். முன்பணம் சேர்த்துவிட்டார்கள், மூன்று வீடுகளில் ஒன்று என்று முடிவாகியிருக்கிறது. முதலாவது வடக்கு எடிசனில், ஜே.பி. ஸ்டீவன்ஸ் உயர்நிலைப் பள்ளி எல்லைக்குள் ஒரு சின்னப் பழைய வீடு: 8,20,000 டாலர், வருட சொத்து வரி 12,800. இரண்டாவது பிரின்ஸ்டன் முகவரியோடு ஒரு டவுன்ஹவுஸ்: 8,60,000, வரி 15,500. மூன்றாவது ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில்: 7,30,000, வரி 13,900.

“பத்துக்குப் பத்து ரேட்டிங் இல்லாத பள்ளி என்றால் வீடு வாங்குவதே வீண்” என்கிறார் கணவர். வாசகிக்குப் பிடித்தது பிரின்ஸ்டன் வீடு. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் வரி விகிதம் 11-க்கு மேல் என்று பார்த்ததிலிருந்து அந்த ஊர்ப் பேச்சையே எடுப்பதில்லை. ‘நல்ல ஏரியாவா, நம்ம ஆட்கள் இருக்கிறார்களா’ என்று கேட்டால் ஏஜென்ட் நழுவுகிறார். வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் நாத்தனாரோ, “எங்க முகவரியைக் கொடுத்துப் பாப்பாவைச் சேர்த்துவிடு, வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். மாமியாருக்கு வேறு கவலை: வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமுமாகக் கேட்பதால்தான் பேரனுக்குப் பேச்சு வரவில்லையாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த பிரின்ஸ்டன் வீடுதான். நீங்கள் எழுதியிருந்த குடியிருப்பின் பெயரைப் பார்த்தேன். அது பிரின்ஸ்டனில் இல்லை. சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஷிப்பில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அங்கே குடியேறினால் சவுத் பிரன்ஸ்விக் பள்ளிகளுக்குப் போவார்கள். பிரின்ஸ்டன் பள்ளிகளில் இடம் கிடைக்காது.

இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அஞ்சல் முகவரி என்பது தபால்காரர் வசதிக்குப் போட்டது. 08540 என்ற ஜிப் கோடு பிரின்ஸ்டனைத் தாண்டி வெஸ்ட் வின்ட்சர், லாரன்ஸ், சவுத் பிரன்ஸ்விக் என்று பல ஊர்களுக்குள் நீளுகிறது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்தில் எழுதியிருக்கும், அந்த நிலம் வெஸ்ட் வின்ட்சருடையது. கெண்டால் பார்க், மன்மத் ஜங்ஷன், டேட்டன் எல்லாம் தனி ஊர்ப் பெயர்கள் போல இருக்கும், எல்லாமே சவுத் பிரன்ஸ்விக். இந்தச் சின்ன மாநிலத்தில் 564 ஊராட்சிகளும் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஏறத்தாழ 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளும் இருக்கின்றன. இரண்டின் எல்லைகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கிரான்பரி தனி ஊர், தனிப் பள்ளி. ஆனால் எட்டாம் வகுப்பு முடிந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். வெஸ்ட் வின்ட்சர் மெர்சர் கவுண்டியிலும் பிளெய்ன்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டியிலும் இருக்க, இரண்டுக்கும் ஒரே டிஸ்ட்ரிக்ட்.

அதனால் விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் நம்பி ஆஃபர் எழுதாதீர்கள். சொத்து வரி ரசீதில் எந்த ஊராட்சி என்று அச்சாகியிருக்கும். கூடவே அந்த மனையை அடையாளம் காட்டும் பிளாக், லாட் எண்கள் இருக்கும். அந்த முகவரியை அந்த ஊர் டிஸ்ட்ரிக்ட்டின் மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, “இந்த வீட்டுப் பிள்ளை எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்?” என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்று தெரியாமல் வாங்கிவிட்டு என்னிடம் வந்த குடும்பம் ஒன்று உண்டு. பத்திரம் முடிந்த பிறகு வந்தார்கள். என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

சவுத் பிரன்ஸ்விக் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல டிஸ்ட்ரிக்ட்தான். அங்கே வாழ ஆசைப்பட்டு வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பிரின்ஸ்டன் என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

வரி விகிதத்தை விடுங்கள், வரித் தொகையைப் பாருங்கள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக் விகிதத்தைப் பார்த்து நீங்கள் மட்டும் பயப்படவில்லை. பலரும் அங்கேதான் பின்வாங்குகிறார்கள். அந்த 11 என்பது சந்தை விலையில் 11 சதவீதம் இல்லை. ஊராட்சியின் பதிவேட்டில் உங்கள் வீட்டுக்குப் போட்டிருக்கும் மதிப்பின் மேல் 11 சதவீதம். பல ஊர்களில் அந்த மதிப்பு பல வருடங்களாகத் திருத்தப்படாமல் கிடக்கிறது. நீங்கள் சொன்ன வரியையும் விகிதத்தையும் வைத்துப் பார்த்தால், 7,30,000 டாலர் வீடு பதிவேட்டில் சுமார் ஒன்றேகால் லட்சமாகத்தான் இருக்க வேண்டும். பதிவு மதிப்பு சின்னதாக இருந்தால் விகிதம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்து, வருட வரியை விலையால் வகுத்துப் பார்த்தேன். எடிசன் வீட்டுக்கு 1.56 சதவீதம், சவுத் பிரன்ஸ்விக் வீட்டுக்கு 1.8, ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்கு 1.9. வித்தியாசம் உண்டு, ஆனால் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. இன்னொரு கணக்கும் போட்டேன். 20 சதவீதம் முன்பணம், 6.5 சதவீத வட்டி, 30 வருடக் கடன் என்று வைத்துக்கொண்டால், எடிசன் வீட்டைவிட ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்கு மாதத் தவணை சுமார் 455 டாலர் குறைவு. வரி மாதம் 92 டாலர் அதிகம். இரண்டையும் கழித்தாலும் மாதம் 360 டாலருக்கு மேல் கையில் நிற்கும், முன்பணத்திலும் 18,000 மிச்சம். சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஹவுஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மாதம் 790 டாலர். டவுன்ஹவுஸுக்கு மாதாமாதம் கட்டும் சங்கக் கட்டணம் இதில் சேரவில்லை.

2024-ல் இந்த மாநிலத்தில் வீட்டு வரியின் சராசரி முதல் முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று உங்கள் கணவர் கேள்விப்பட்டது அரை உண்மை. அந்த உச்சவரம்பு ஊரும் பள்ளியும் மொத்தமாக வசூலிக்கும் தொகைக்கு, அதிலும் சில விலக்குகளோடு. தனி வீட்டின் பில்லுக்கு அது காப்பு கிடையாது. ஊராட்சி எல்லா வீடுகளையும் மறுமதிப்பீடு செய்யும் வருடத்தில் உங்கள் பில் நிறையவே மாறலாம். பார்க்கும் ஊரில் மறுமதிப்பீடு எப்போது நடந்தது, அடுத்து எப்போது என்று வரி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

பத்துக்குப் பத்து

உங்கள் கணவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ரேட்டிங் தளங்கள் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் எண் போடுகின்றன. அந்த மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோரின் பங்கு எவ்வளவு, ட்யூஷன் சென்டரின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்ணில் தெரியாது. மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருடாந்திர அறிக்கை ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. அதில் ‘வளர்ச்சி’ என்ற பகுதியைப் பாருங்கள். முன்பு இதே மதிப்பெண் எடுத்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைச் சொல்லும் எண் அது; 50 என்பது நடுப்புள்ளி. அதிகமாக லீவு போடும் மாணவர் சதவீதமும் அங்கேயே இருக்கும்.

ஜே.பி. ஸ்டீவன்ஸ் எல்லைக்காக வடக்கு எடிசனில் எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எடிசனில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள், ஒரே டிஸ்ட்ரிக்ட், ஒரே நிர்வாகம். உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போக இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. பள்ளி எல்லைகளை மாற்றும் அதிகாரம் கல்வி வாரியத்துக்கு உண்டு. கூட்டம் அதிகமானால் மாற்றவும் செய்வார்கள். இன்றைய எல்லைக்கோட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலைக்கு அன்றைக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். சவுத் பிரன்ஸ்விக்கிலும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. அப்புறம், நீங்கள் பார்த்த மூன்று வீடுகளுமே மிடில்செக்ஸ் கவுண்டியில்தான் இருக்கின்றன. கவுண்டி நடத்தும் மேக்னட் (குறிப்பிட்ட துறைக்கு முக்கியத்துவம் தரும்) உயர்நிலைப் பள்ளிகளுக்கு மூன்று வீட்டிலிருந்தும் ஒரே மாதிரி விண்ணப்பிக்கலாம்.

ரேட்டிங் உச்சத்தில் இருக்கும் ஊர்களில் பிள்ளைகள் படும் பாட்டையும் நாம் பேச வேண்டும். 2015-ல் வெஸ்ட் வின்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட்டின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். அரையாண்டு, இறுதித் தேர்வுகள் நிறுத்தப்பட்டன, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். எதிர்த்தவர்களில் ஆசியக் குடும்பங்கள் நிறைய. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் அதன் நடுவில் இருந்தார்கள். ஐந்து வயது மகளுக்கு ஊர் தேடும்போது எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது.

மகளுக்காக இப்போதே கேட்க வேண்டியது வேறு. கிண்டர்கார்டன் முழு நாளா, அரை நாளா? மாநிலத்தில் எல்லா ஊரிலும் இது ஒன்றுபோல இல்லை. அரை நாள் என்றால் மதியத்துக்குமேல் யார் பார்த்துக்கொள்வது, மாதம் எவ்வளவு ஆகும் என்பது உங்கள் பட்ஜெட்டையே மாற்றும்.

நாத்தனார் முகவரி வேண்டாம்

நாத்தனார் அன்பால்தான் சொல்கிறார். ஆனாலும் செய்யாதீர்கள். இந்த மாநிலச் சட்டப்படி, 5 முதல் 20 வயது வரை பிள்ளைக்கு இலவசப் பள்ளி கிடைப்பது குடும்பம் உண்மையில் எங்கே வாழ்கிறதோ அங்கேதான். பொய் முகவரி என்று சந்தேகம் வந்தால் விசாரிப்பார்கள். நோட்டீஸ் வரும், கல்வி வாரியத்தின் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். முடிவு உங்களுக்கு எதிராகப் போனால் மாநிலக் கல்வி ஆணையரிடம் முறையிட 21 நாள். அங்கேயும் தோற்றால், பிள்ளை படித்த நாட்களுக்கான கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள். அதற்கும் மேலே, கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நீங்கள் ஒரு அரசு அலுவலகத்தில் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கவனிக்காமல் விட்ட நல்ல செய்தி இதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கு வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தம் போதும். குடும்பத்தின் விசா நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இடம் மறுக்கவும் முடியாது. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டிவிட்டது. ஆக, செப்டம்பருக்குள் வீடு வாங்கியே தீர வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை. பிடித்த ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது முழுக்க நேர்மையான, சட்டப்படியான வழி.

ஹெச்-1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு இருப்பதால் அந்த 60 ஒரு நாள்கூடக் கூடாது. வாங்கிய இரண்டு வருடத்துக்குள் விற்க நேர்ந்தால் தரகு, மாநிலப் பரிமாற்றக் கட்டணம் என்று நிறைய கரையும். அதனால் முன்பணம் போக, ஆறு மாதத் தவணையும் வரியும் தனியாகக் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் எண்களைப் பார்த்தால், ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் மட்டும்தான் அது மீதமிருக்கிறது.

ஏஜென்ட் ஏன் நழுவுகிறார்?

அவர் சட்டத்தை மதிக்கிறார். 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும் நியூ ஜெர்சியின் பாகுபாடு எதிர்ப்புச் சட்டமும், இனம், மதம், பிறந்த நாடு பார்த்து ஒரு குடும்பத்தை ஓர் ஊர்ப் பக்கம் தள்ளுவதைத் தடை செய்கின்றன. “நம்ம ஆட்கள் நிறைய” என்று உங்களிடம் சொல்லும் ஏஜென்ட், இன்னொருவரிடம் அதையே எச்சரிக்கையாகச் சொல்லலாம். நாளைக்கு நம்மை ஓர் ஊரிலிருந்து ஒதுக்கிவைக்க முடியாமல் இருப்பதும் இதே சட்டத்தால்தான். அவருக்குப் பதில் நீங்களே போய்ப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் போங்கள். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போக எவ்வளவு நேரம் என்று ஓட்டிப் பாருங்கள். கல்வி வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு மாலை போய் உட்கார்ந்தால், அந்த ஊரில் எந்த வகுப்பு குறைகிறது, எந்த ஆசிரியர் இடம் வெட்டப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

கணவரின் பயணத்தையும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முழுசாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எடிசன் வீட்டிலிருந்து மெட்ரோபார்க், மெட்டச்சன் ரயில் நிலையங்கள் பக்கம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ரயில் கிடையாது, டர்ன்பைக் நெடுஞ்சாலை வழியாக மன்ஹாட்டனின் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்துக்கு பஸ்தான். வாரம் மூன்று நாள் அந்த பஸ் அவருக்கு ஒத்துவருமா என்பதை நான் சொல்ல முடியாது. ஒத்துவந்தால் என் ஓட்டு ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு. ஒத்துவராவிட்டால் எடிசனிலேயே, பள்ளி எல்லைக்கோட்டுக்கு விலை கொடுக்காத ஒரு வீட்டைத் தேடுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று நாள்

ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தம் என்றால், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்கள் வக்கீல் பரிசீலனைக்கு உண்டு. அந்த மூன்று நாளுக்குள் உங்கள் வக்கீல் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லலாம், ரத்தும் செய்யலாம். வக்கீலை அதற்கு முன்பே பிடித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் தேடாதீர்கள். பள்ளி அலுவலகத்தின் மின்னஞ்சல், வரி ரசீது இரண்டும் அவர் கையில் இருக்கட்டும். பழைய எடிசன் வீடு என்றால் மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். 2024 மார்ச் முதல் வெள்ள அபாயம் பற்றி விற்பவர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். 2021 செப்டம்பரில் ஐடா புயலின்போது ராரிட்டன் ஆற்றுப் பக்கம் என்ன ஆனது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது.

மகனுக்காக

கடிதத்தில் நீங்கள் கடைசியில், இரண்டே வரியில் எழுதியதை நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். மூன்று வயதோடு ஏர்லி இன்டர்வென்ஷன் முடிகிறது. அன்றிலிருந்து பொறுப்பு நீங்கள் வசிக்கும் ஊரின் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வருகிறது. மகன் தகுதி பெற்றால் மூன்றாவது பிறந்தநாளுக்குள் ஐ.இ.பி. என்ற தனிக்கல்வித் திட்டம் தயாராக இருக்க வேண்டும். அதற்கான மாற்றக் கூட்டம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே நடக்க வேண்டும். உங்களுக்கு இருப்பது ஆறு மாதம். மதிப்பீட்டின் நடுவில் வீடு மாற்றினால் புதிய ஊரில் வேலை பாதியிலிருந்து தொடர வேண்டிவரும், தாமதமாகும். திட்டம் கையில் வந்த பிறகு மாநிலத்துக்குள் மாறினால், புதிய டிஸ்ட்ரிக்ட் அதற்கு இணையான சேவையைத் தந்தாக வேண்டும். அதனால் ஒன்று, உடனே மாறுங்கள். இல்லையென்றால் எடிசனிலேயே திட்டத்தை வாங்கிவிட்டு மாறுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மூன்று ஊரின் மழலையர் சிறப்புக் கல்வி வகுப்புகளையும் அதற்குள் நேரில் பார்த்துவிடலாம். ரேட்டிங்கில் வராத விஷயம் இது, உங்கள் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதம் வருவதில்லை. நான் டாக்டர் இல்லை, ஆனால் மொழிச் சிகிச்சையாளர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். தாத்தா பாட்டியோடு அவன் பேசப்போகும் மொழியை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். மதிப்பீட்டின்போது தமிழையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது.

இந்த வாரமே எடிசன் டிஸ்ட்ரிக்ட்டில் பிள்ளைகளை மதிப்பிடும் குழுவான சைல்ட் ஸ்டடி டீமுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மகன் பெயர், பிறந்த தேதி, இப்போது பெறும் சேவை, மதிப்பீடு வேண்டும் என்ற கோரிக்கை, வீட்டில் பேசுவது தமிழ் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். அது கிடைத்த 20 நாளுக்குள் அவர்கள் உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். தேதி போட்டு அனுப்புங்கள், ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.